அவள் அடித்துவிட்ட வரி

துறையின் மாணவர் நல நிதிக்கு இந்த ஆண்டு உங்கள் மூன்று பேரையும் பொறுப்பாகப் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை. புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் தலையில்தான் எப்போதும் இதைக் கட்டுவார்கள். மூத்தவர்கள் யாரும் தொடமாட்டார்கள். பதவி உயர்வுக்கு இதனால் காலணா பிரயோஜனம் கிடையாது. என்னிடமிருந்து யாரும் வாங்கிக்கொள்ளாததால் நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பொறுப்பில்தான் இருந்தேன், அதனால் சொல்கிறேன்.

விண்ணப்பம் எழுதுவது, வரிவிலக்குச் சான்று வாங்குவது, பதிவாளர் அலுவலகத்தில் கோப்பை நகர்த்துவது எல்லாம் உங்கள் அலுவலக உதவியாளருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது வேறு. வேதியியல் துறையில் தராசு அறையை ஒட்டி ஆலோசகர் உட்காரும் சிறிய அறை ஒன்று இருக்கிறது அல்லவா? அதற்கான பணத்தை நான் எப்படிப் புரட்டினேன் என்பதைச் சொல்கிறேன். ஆண்டறிக்கையில் அதை என் சாதனை என்று எழுதியிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படியே செய்யக் கிளம்பிவிடக் கூடாது.

பன்முகத்தன்மை, மாணவர் நலம் என்று மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சுற்றறிக்கை வந்ததே ஒழிய பணம் வரவில்லை. எங்கள் துறையில் பன்முகத்தன்மை என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை, வகுப்பறை வாசலில் நின்றாலே தெரியும். முன்வரிசையில் பனியன் கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகள். பின்வரிசையில் தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பெண்கள். அவர்களுடைய அம்மாக்கள் தைக்கிறவர்கள், தைத்ததில் பழுது இருக்கிறதா என்று செக்கிங் பார்க்கிறவர்கள். ஓர் ஆண்டு பீகார்க்காரத் தொழிலாளி ஒருவரின் மகள் இருந்தாள். நான் தமிழில் சொல்வதை இந்தி எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வாள்.

முதலாண்டில் நிறைந்திருக்கும் பின்வரிசை, இரண்டாம் ஆண்டுக்குள் பாதி காலியாகிவிடும். கேட்டால், "வேலைக்குப் போயிருச்சுங்க" என்பார்கள், "கல்யாணம் ஆயிருச்சுங்க" என்பார்கள். சிலருக்குக் காரணமே சொல்ல ஆள் இருக்காது. ஆய்வகத்தில் மயங்கி விழுகிற பெண்களுக்கு நாங்கள் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, "தைரியமா இரு கண்ணு" என்று அனுப்பிக்கொண்டிருந்தோம். எத்தனை நாளைக்குத்தான் குளுக்கோஸ் கொடுப்பது? வாரம் இரண்டு நாள் வருகிற ஓர் ஆலோசகர், கதவு சாத்திப் பேச ஓர் அறை. நான் கேட்டது அவ்வளவுதான்.

நான் இந்த ஊர்க்காரி. தோட்டம் வைத்திருந்து, பிறகு கம்பெனி வைத்த குடும்பங்களில் பாதி எனக்கு ஏதோ ஒரு முறையில் சொந்தம். அது எனக்குப் பெரிய பலம் என்று நினைத்தேன். வீரபாண்டியில் ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருந்த, எனக்கு அண்ணன் முறையாகிற ஒருவரிடம் முதலில் போனேன். நான் எழுதிக் கொண்டுபோன எட்டுப் பக்கத்தையும் மரியாதையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, இந்தக் காயிதத்தப் பாத்துட்டு யாருங்க குடுப்பாங்க? ஒரு புள்ளையக் கூட்டிட்டு வாங்க. அஞ்சு நிமிசம் பேசட்டும். நானே மண்டபம் ஏற்பாடு பண்றனுங்க. நம்ம ஆளுங்களுக்கு மனசு எளகிருச்சுன்னா அப்பறம் யோசிக்கவே மாட்டாங்க."

அதில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. கல்யாண மண்டபத்தில் மொய் எழுதுகிற ஊர் இது. கொடுப்பவர் நாலு பேர் பார்க்கக் கொடுக்க வேண்டும், வாங்குபவரும் நாலு பேர் பார்க்க வாங்க வேண்டும். அதிலேயே வளர்ந்தவள் நான். ஒன்றை மட்டும் மறந்துபோனேன். மொய் வாங்குகிற வீடு நாளைக்குத் திருப்பிச் செய்யும், அதனால்தான் அங்கே யாருக்கும் தலை குனிவதில்லை. எங்கள் பின்வரிசைப் பிள்ளைகள் எதைத் திருப்பிச் செய்வார்கள்? அவர்களிடம் இருந்தது அவரவர் பட்ட பாடு ஒன்றுதான்.

இனி ஜெனிதா. பெயரை மாற்றியிருக்கிறேன். எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு, என்னிடம் புராஜெக்ட் செய்துகொண்டிருந்தாள். அப்பா இல்லை. அம்மா முதலிபாளையத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. வகுப்பில் மற்றவர்களைவிட மூன்று வயது மூத்தவள். பிளஸ் டூ முடித்துவிட்டு உடம்பு சரியில்லாமல் மூன்று வருடம் வீட்டில் இருந்ததாகத் தோழிகளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு நாள் ஆய்வகத்துக் கதவை யாரோ படாரென்று சாத்தினார்கள். ஜெனிதா கையிலிருந்த கண்ணாடி பியூரெட் விழுந்து உடைந்தது. மூச்சு வாங்க முடியாமல் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் அவளைத் தராசு அறைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தேன். காற்று பட்டால் தராசு ஆடும் என்று அங்கே மின்விசிறிகூடப் போடுவதில்லை, யாரும் சத்தமாகவும் பேசுவதில்லை. அந்த அமைதியில் அவள் பேசினாள். அந்த மூன்று வருடமும் அவள் வீட்டில் இல்லை, ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியில் இருந்தாள். வெளியே பூட்டிய கதவு. மீதியை இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை எடுத்து ஊருக்குக் கொடுத்தது போதும்.

"இத எங்கம்மாட்டகூட முழுசா சொல்லல மேடம்" என்றாள். எந்த மில் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்து என் மனதில் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. இந்தப் பெண் பேசினால் மண்டபமே கரைந்துவிடும் என்று நினைத்தேன். அவள் அப்போது கண்ணைக்கூடத் துடைத்து முடிக்கவில்லை.

பத்து நாள் பொறுத்துக் கேட்டேன். "பேரு சொல்ல வேண்டாம் கண்ணு, ஊரு சொல்ல வேண்டாம், மில்லு பேரும் வேண்டாம். உன்னை மாதிரிப் பிள்ளைகளுக்கு ஒரு ரூம் வரும்." "சரி மேடம்" என்றாள். அவளுடைய புராஜெக்ட் மதிப்பெண் என் கையில் இருந்தது. அந்தச் 'சரி'யை விட்டால் அவளால் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

பேச வேண்டியதை அவளையே எழுதிவரச் சொன்னேன். இரண்டு பக்கம், சுத்தமான கையெழுத்து. நடுவில் ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிட்டிருந்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். 'கேட்டுக்குப் பக்கத்தில் முயல் கூண்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முயல்களைத் திறந்து விடுவார்கள், எங்களை விடமாட்டார்கள்.'

"இதை ஏன் அடிச்சே?"

"அது வேண்டாம் மேடம்."

"இதுதான் கண்ணு மனசைத் தொடுது. இருக்கட்டும்."

என் பேனாவால் அந்த வரியை மேலே திரும்ப எழுதிக் கொடுத்தேன். அவள் தாளை வாங்கி மடித்துக்கொண்டாள். (முயல் என்று இங்கே போட்டிருப்பதும் உண்மையில்லை. அங்கே இருந்தது வேறு. அவ்வளவு புத்தியாவது இப்போது வந்திருக்கிறது.)

ஒத்திகை பார்த்தோம். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். நான் ஒருமுறை சொன்னதை அவள் இரண்டாம் முறை பிசகாமல் செய்தாள். "எப்படி இவ்வளவு சீக்கிரம் பிடிச்சுக்கிறே?" என்று கேட்டேன்.

"பழக்கம்தான் மேடம். மில்லுல ஆடிட் வருமுன்ன எங்கள வரிசையா நிக்க வச்சு சொல்லித் தருவாவ. என்ன கேட்டா என்ன சொல்லணும்னு."

வெளியூரிலிருந்து வந்திருக்கும் உங்களுக்காக ஒரு வார்த்தை. இங்கிருந்து சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதைத்தான் ஆடிட் என்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே மனப்பாடம் செய்யவைக்கிற இடங்களும் உண்டு. ஜெனிதா அதைச் சொன்னதும் நான் சிரித்தேன். நகைச்சுவையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். வாசலில் சந்தனம், கற்கண்டு. ஜெனிதா என் பச்சை நிறப் பருத்திச் சேலையைக் கட்டியிருந்தாள். நான்தான் கொடுத்திருந்தேன். பேசினாள். முயல் வரியில் முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசி முடித்ததும் என் அண்ணன் முறைக்காரர் எழுந்து, மூன்று ஆண்டுக்கு ஆலோசகர் சம்பளம் தன்னுடையது என்றார். கை தட்டல் எழுந்தது. அடுத்தவர் எழ ஆயத்தமானார்.

அப்போதுதான் இரண்டாம் வரிசையிலிருந்து ஒருவர், உட்கார்ந்தபடியே, ரொம்பப் பணிவாகக் கேட்டார். "அது எந்த மில்லு கண்ணு?"

நான் மேடையில் அவளுக்கு நாலடி தள்ளி நின்றிருந்தேன். ஜெனிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதுக்கு அந்தப் பொண்ணு பதில் சொல்ல வேண்டியதில்லீங்க" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. இரண்டாம் வரிசையில் இன்னும் யாரும் கொடுக்கவில்லை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. நான் குனிந்து கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன்.

ஜெனிதா மைக்கை நோக்கித் திரும்பினாள். என்னிடம் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசாத பெண், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னாள். "பேரு ஞாபகமில்லீங்க ஐயா. அங்க எங்கள நல்லாப் பாத்துக்கிட்டாங்க. நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். எந்தக் குறையும் இல்லீங்க."

சற்று முன்னால் ஐந்து நிமிடம் பேசியதற்கு நேர் எதிரான பேச்சு. ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இன்னும் பெரிதாகக் கை தட்டினார்கள். கேள்வி கேட்டவரும் தட்டினார். மண்டபத்துக்கே மூச்சு வந்தது போல இருந்தது. கேட்டதைவிட அதிகமாக அன்று சேர்ந்தது.

கேள்வி கேட்டவரின் தங்கையைக் கட்டியவர்தான் அந்த மில்லின் முதலாளி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கல்யாணத்தில் நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். மில் பெயரை முன்பே கேட்டிருந்தால் யார் வருவார், யார் யாருக்கு என்ன உறவு என்று எனக்கு விரல் நுனியில் தெரிந்திருக்கும். வேறு எந்த ஊரிலிருந்து வந்தவரும் இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். நூல் மில்காரரும் துணி பின்னும் நிட்டிங்காரரும் சாயம் போடும் டையிங்காரரும் கம்பெனிக்காரரும் ஒரே பந்தியில் உட்காருகிற ஊரில் பிறந்தவள் செய்தேன். 'நம்ம ஆளுங்க' என்ற நினைப்பில் ஆழம் தெரியாமல் காலை விட்டேன், என் காலைக்கூட அல்ல.

மேடையில் அவள் பேசியதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். கேட்டுக்கு அருகே முயல் வளர்க்கிற மில் இந்தப் பக்கம் ஒன்றுதான். பெயர் சொல்லாவிட்டால் என்ன? முதலிபாளையத்தில் அவள் அம்மா வேலை பார்த்த கம்பெனி, அந்த மில்லிலிருந்துதான் நூல் எடுத்தது. ஒரு வாரத்துக்குள் சூப்பர்வைசர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இருங்க, நாங்க சொல்லியனுப்பறமுங்க" என்றார். யாரும் கத்தவில்லை, யாரும் மிரட்டவில்லை. எங்கள் ஊரில் வேலையைப் பிடுங்கும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் பிடுங்குவோம். ஜெனிதா வகுப்புக்கு வருவதை நிறுத்தினாள்.

ராயபுரத்தில் அவர்கள் இருந்த லைன் வீட்டுக்குப் போனேன். ஒரு அறை, வாசலோடு அடுப்பு. அவள் அம்மா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"என்னைய நிப்பாட்டுனதுக்கு நான் அழல டீச்சர். கை இருக்கு, இன்னொரு கம்பெனி இருக்கு. எம்பிள்ள அங்க மூணு வருசம் என்ன பாடுபட்டுச்சுன்னு நான் போன்ல, ஊரோட சேந்து பாத்துத் தெரிஞ்சிக்கிட்டேன் பாத்தியளா. அதத்தான் தாங்க முடியல. படிக்கத்தான உங்கட்ட அனுப்புனேன்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போய்விட்டார். ஜெனிதா டீ கொண்டுவந்து வைத்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு மடித்த என் பச்சைச் சேலையையும் பக்கத்தில் வைத்தாள்.

"பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் கண்ணு. வருகைப்பதிவை நான் பாத்துக்கிறேன். வந்து எழுதிட்டு மட்டும் போ."

"ரூம் வந்திருமா மேடம்?"

"வந்துரும்."

"நல்லது" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அன்னைக்கு அவரு கேக்கவும் நான் உங்களத்தான் பாத்தேன். நீங்க கீழ பாத்தீங்க. அப்பவே தெரிஞ்சிட்டு, இதுவும் ஆடிட்டுதான்னு. அதான் அந்தப் பதிலச் சொன்னேன்."

டீயைக் குடித்தேனா இல்லையா என்று நினைவில்லை. சேலையை எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் பரீட்சை எழுத வரவில்லை. வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வகுப்பில் ஆய்வக வேலையிலும் கணக்கிலும் அவளுக்கு நிகராக யாரும் இருக்கவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்வார்கள், அந்த வேலி நான்தான்.

அறை வந்தது. வாசலில் கொடுத்தவர் பெயர் பொறித்த கல் பதித்தோம். ஆலோசகர் வந்தார், நல்ல பெண்மணி. அங்கே போய் அழுதுவிட்டு வந்து படிப்பை முடித்த பிள்ளைகள் பலர் உண்டு. இந்தி எழுத்தில் தமிழ் எழுதிய பெண்ணும் அதில் ஒருத்தி. அதெல்லாம் பொய்யில்லை. பொய்யில்லை என்பதால்தான் ஆண்டுக்கணக்கில் என்னால் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்தது. ஒரு பிள்ளை போனால் என்ன, இத்தனை பேர் தேறினார்களே என்று. நீங்களும் அந்தக் கணக்கைப் போடுவீர்கள். போடும்போது அந்த ஒரு பிள்ளையின் முகத்தை எதிரே வைத்துக்கொண்டு போடுங்கள், எத்தனை தூரம் கூட்டல் வருகிறதென்று பார்க்கலாம்.

அதற்குப் பிறகு நான் எந்தப் பிள்ளையையும் யாருக்கும் காட்டவில்லை. மூன்று ஆண்டு முடிந்து திரும்பப் போனபோது, அண்ணன் முறைக்காரர் "இந்தத் தடவ எந்தப் புள்ள பேசுதுங்க அம்மிணி?" என்றார். "நான் பேசறனுங்க, பிள்ளைங்க வரமாட்டாங்க" என்றேன். காபி கொடுத்து அனுப்பினார். பணம் வரவில்லை. வேறு நாலு இடத்தில் ஏறி இறங்கிக் கொஞ்சம் சேர்த்தேன், ஆலோசகர் வாரத்துக்கு ஒரு நாள்தான் என்று ஆனது. அவர் வராத ஒரு செவ்வாய்க்கிழமை, முதலாமாண்டுப் பெண் ஒருத்தி அந்தக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு நின்றுகொண்டிருந்தாளாம். ஆய்வக உதவியாளர் சொன்னார். மறுநாளிலிருந்து அவள் துறைக்கே வரவில்லை. அந்தப் பாரமும் என்னுடையதுதான். முகத்தைக் காட்டாமல் கேட்டால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. அப்படிக் கேட்டால் குறைவாகத்தான் வரும். அந்தக் குறையை நாம் சுமக்க வேண்டும், பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

இதை எழுதுவதற்கு முன்னால் ஜெனிதாவிடம் கேட்க வேண்டும் என்று தேடிப் பிடித்துப் போன் செய்தேன். இந்தமுறை என்ன எழுதப்போகிறேன் என்று வரி வரியாகப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றாள், எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

வைக்கப்போகும் நேரத்தில் சொன்னாள். "எங்க வீட்டுல இருந்து ஒரு ஆளு உங்க டிபார்ட்மெண்ட்லதான் சேந்திருக்கு மேடம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "யாரு கண்ணு? முன்னமே சொல்லியிருந்தா நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனே?"

"நீங்க ரிட்டயர் ஆகட்டும்னுதான் மேடம் காத்திருந்தோம்."

தங்கையா, தம்பியா, சொந்தத்தில் வேறு யாருமா, எந்த ஆண்டு, ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை இப்போது உங்கள் வகுப்பில் ஏதோ ஒரு வரிசையில் உட்கார்ந்து நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கும். யாரென்று தேடாதீர்கள். என்னிடம் கேட்டு வராதீர்கள், எனக்கே தெரியாது. எல்லோரிடமும் அந்தப் பிள்ளையிடம் நடந்துகொள்வது போல நடந்துகொள்ளுங்கள்.